படம் எண் பதினேழு

அக்டோபர் 5, ஞாயிறு

புகைப்பட மன்றத்தின் இந்த ஆண்டுப் போட்டிக்குத் தலைப்பு 'இலையுதிர் காலம்'. செயலாளர் ஜெயசிங் ஏதோ ஒரு வெளிநாட்டுப் போட்டி அறிவிப்பிலிருந்து எடுத்திருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் இலையுதிர் காலம் கிடையாது. வெயில் காலம் உண்டு, மழை வரும் என்று வானொலி சொல்லும் காலம் உண்டு. போன ஆண்டுத் தலைப்பு 'பனி'. பதினோரு பேர் மார்கழி மூடுபனியையும் ஒருவர் ஐஸ் கம்பெனியையும் அனுப்பியிருந்தார்கள். நடுவர் என்ற முறையில் ஐஸ் கம்பெனிக்கு இரண்டாம் பரிசு கொடுத்தேன்.

இம்முறை முப்பத்தொரு படங்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பாதிப் பேர் பெருக்குகிற பெண்ணை எடுத்திருக்கிறார்கள். ஒருவர் வாழையிலை அறுப்பதை அனுப்பியிருக்கிறார். இலை விழுகிறது என்பது அவர் வாதமாக இருக்கலாம்.

பதினேழாம் எண் மட்டும் படம். ஒரு கிராமத்து ஓட்டு வீடு, அதன் முன்வெளி. வலப்பக்கம் ஒரு வேப்பமரம். இடப்பக்கம் தரை முழுக்கச் சிவந்த வாதாம் இலைகள், பெரிய வட்டமாக. வட்டத்தின் நடுவில் முக்காலி போன்ற ஒன்றில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் வயதான மனிதர். அவர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறார். வானத்தில் ஒன்றும் இல்லை. சுவரில் சாய்த்த விளக்குமாறு. ஒரு கோழி, ஒரு காலைத் தூக்கியபடி.

முதல் பரிசு என்று குறித்தேன். காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். குறித்ததை அடித்தேன்.

வேப்பமரம் மட்டும் நிற்கும் முற்றத்தில் வாதாம் இலை எப்படி வரும்? முப்பத்திரண்டு வருடம் தாவரவியல் நடத்தியவனிடம் இதையா காட்டுவது?

மனைவி கோமதி ஓய்வூதிய அலுவலகக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். புதிய புகைப்படம் இரண்டு வேண்டுமாம்.


அக்டோபர் 12, ஞாயிறு

மாதாந்திரக் கூட்டம். அறுபது பேர் இருக்கும். பதினேழாம் எண்ணைத் திரையில் போட்டு, கையில் குச்சியுடன் முக்கால் மணி நேரம் பேசினேன். இப்படி ஒரு அமைதியைக் கல்லூரியில் நான் கேட்டதே இல்லை.

ஒன்று, இலை வாதாம், மரம் வேம்பு. இரண்டு, இலைகள் வட்டமாகக் கிடக்கின்றன. காற்று வட்டம் போடாது, சாக்கைக் கவிழ்த்துக் கையால் பரப்பினால்தான் வட்டம் வரும். மூன்று, சிவப்பு இலைகளுக்கு நடுவே பச்சை இலைகள் கலந்திருக்கின்றன. தானாக விழுவது பழுத்த இலை. பச்சை விழாது, பறித்துப் போட்டது. நான்கு, முக்காலி. வெட்டவெளியில் முக்காலி தானாக முளைப்பதில்லை. ஐந்து, அந்த மனிதர் காலி வானத்தைப் பார்க்கிறார். பார்க்கச் சொன்னால் ஒழிய யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

மன்ற விதி ஒன்பது: பொருள்களைக் கொண்டுவந்து வைத்து இயற்கை போல் காட்டிய படத்துக்குத் தகுதி நீக்கம், மூன்று ஆண்டு விலக்கு, ஆண்டு விழா வரை அரங்கின் கரும்பலகையில் பெயர். விதியை 1996இல் எழுதியவன் நான்தான்.

எண்ணுக்குரிய உறையைப் பிரித்தார் ஜெயசிங். பேச்சித்தாய், ஆலடிப்பொத்தை. பஜாரில் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற பெண்ணாம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கடைசி வரிசையில் எழுந்து நின்று ஏதோ சொன்னாள். நான் பதில் சொன்னேன். அரங்கு சிரித்தது. அவள் உட்காரவில்லை, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜெயசிங் பலகையில் பெயரை எழுதினார். இந்த மாதிரி விஷயங்கள் எனக்கு எப்படித்தான் கண்ணில் படுகின்றனவோ என்று நாலைந்து பேர் கேட்டார்கள். அனுபவம் என்றேன்.


அக்டோபர் 14, செவ்வாய்

ஜெயசிங் வீட்டுக்கு வந்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பார்வை விஷயத்தில் பொறுப்பானவர். என் உரையை ஆண்டு மலருக்குக் கட்டுரையாக எழுதித் தரவேண்டுமாம், 'ஒரு படத்தைப் பார்ப்பது எப்படி'. அதற்காகப் பதினேழாம் எண்ணைச் சுவர் நாட்காட்டி அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். கூடவே கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி.

பஜாரில் அந்தப் பெண்ணுக்கு 'இலையக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றார். ஆதார் அட்டை நகலெடுக்க வருகிறவர்கள், இலை போட்டு எடுக்கணுமா போடாமலா என்று கேட்கிறார்களாம். நானும் சிரித்தேன். கோமதி காப்பியை வைத்துவிட்டு, "எந்தப் படம் அது?" என்று கேட்டாள். காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழையில் வெடி நமுத்துவிட்டது. முறுக்கு நன்றாக வந்திருந்தது. கட்டுரை தொடங்கவில்லை.


அக்டோபர் 23, வியாழன்

இன்று தொடங்கினேன். என் முறை எளிமையானது. படத்தை அறுபத்துநான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை மட்டும் எழுதுவது. மாணவர்களுக்கு ஒரு புல்லைக் கொடுத்து நான் கற்பித்ததும் இதுதான்: முதலில் பார், பிறகு பெயர் வை.

கோழி இருக்கும் கட்டம் அருமை. தூக்கிய கால், தரையில் அதன் நிழல், இரண்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. எடுத்தவள் காத்திருந்திருக்கிறாள். விளக்குமாற்றின் சாய்வும் மனிதரின் முதுகுச் சாய்வும் ஒரே கோணம். இது தற்செயலா, கண்ணா என்று சொல்ல முடியவில்லை. மோசடிக்காரர்களுக்கும் கண் இருக்கலாம் என்று எழுதி வைத்தேன்.

பிறகு முக்காலிக் கட்டம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முக்காலிக்குக் கால் இல்லை.

வேட்டி மறைக்கிறது. அதனால் தெரியவில்லை என்று எழுதினேன்.


அக்டோபர் 27, திங்கள்

காலை முழுக்க மழை. முருங்கை மரம் சாய்ந்துவிட்டது, கயிறு போட்டு நிமிர்த்திக் கட்டினோம். கோமதி பிடித்துக்கொள்ள நான் கட்டினேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது நேர்மாறு.

மத்தியானம் மறுபடி படம். வேட்டி மறைப்பது முன்பக்கம் மட்டும். இடப்பக்கம் அந்தப் பொருளின் பக்கவாட்டு தெரிகிறது. சொரசொரப்பு, நெடுக்காக வெடிப்புகள். மேல்விளிம்பு வெளுத்திருக்கிறது. அந்த வெளுப்பில், மனிதரின் இடுப்புக்கு அருகே, ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வளைவுக் கோடுகள். சுற்றிலும் வெளிர்மஞ்சள் தூள். அன்று கூட்டத்தில் அதை மணல் என்று சொன்னேன். குச்சியால் தொட்டே சொன்னேன்.

கிராமங்களில் மரத்துண்டை இருக்கையாகப் போடுவது வழக்கம்தான். எங்கிருந்தோ உருட்டிக் கொண்டுவந்திருக்கலாம். தூளும் கூடவே உருண்டு வந்ததா என்ற கேள்விக்கு விடை இல்லை. அந்தக் கட்டத்தை நாளைக்கு வைத்திருக்கிறேன்.


அக்டோபர் 28, செவ்வாய்

நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.


நவம்பர் 1, சனி

இடப்பக்கச் சுவரில் ஒரு பெரிய பச்சைக் கறை. பாசி. குடை விரித்தது போன்ற வடிவம். வருடக்கணக்காக வெயில் படாத இடத்தில்தான் பாசி அப்படிப் பிடிக்கும். படத்தில் அதன்மேல் நேர் வெயில் அடிக்கிறது. அதாவது, அந்த இடத்துக்கு வெயில் புதிது.

இனி இதை எழுதாமல் இருக்க முடியாது. கிளைகளை அடுக்கடுக்காகப் படுக்கை வாட்டில் விரித்து வளரும் மரம் வாதாம். அதன் நிழல் வட்டம். அதன் கீழே விழும் இலையும் வட்டம். வருடத்துக்கு இரண்டு முறை சிவந்து உதிர்க்கும். ஒருமுறை புரட்டாசி வாக்கில். அப்படி உதிர்த்துக்கொண்டிருக்கும்போதே மரத்தை வெட்டினால் பச்சை இலையும் சேர்ந்துதான் விழும். ஐந்து சான்றுகள் காட்டினேன். ஐந்தும் ஒரே விஷயத்துக்குச் சான்று. வட்டத்தின் நடுவில் ஒரு மரம் நின்றிருந்தது. அந்த மனிதர் அதன் அடிக்கட்டையில் உட்கார்ந்து, அது இருந்த இடத்தைப் பார்க்கிறார். படத்தின் பலவீனம் என்று நான் சொன்ன காலி வானம்தான் படம்.

அக்டோபர் 12ஆம் தேதிக் குறிப்பில் அந்தப் பெண் 'ஏதோ சொன்னாள்' என்று எழுதியிருக்கிறேன். அவள் சொன்னது எனக்கு அன்றே தெளிவாகக் கேட்டது.

"சார், அங்க ஒரு மரம் இருந்துச்சு."

நான் சொன்னது: "படத்தில் இல்லாத மரத்தை நடுவர் பார்க்க முடியாது, அம்மா."

இதற்குத்தான் அரங்கு சிரித்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் அந்த வாக்கியத்தை நானே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாக அமைந்திருந்தது.


நவம்பர் 6, வியாழன்

ஆலடிப்பொத்தைக்குப் போனேன். பொத்தைக் குன்றின் மேலுள்ள கோவிலைப் பார்க்கப் போவதாகக் கோமதியிடம் சொன்னேன். எனக்குக் கோவில் பழக்கம் இல்லை என்பது நாற்பது வருடமாக அவளுக்குத் தெரியும். குடையை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ் நின்ற இடத்திலேயே பாசிச் சுவர் தெரிந்தது. வேப்பமரம் இருந்தது. கோழிகூட இருந்தது, அதே கோழியா என்று தெரியாது. இலை வட்டம் இருந்த இடத்தில் நீளசதுரமாக அஸ்திவாரக் குழி. முட்டளவு மழைத் தண்ணீர். அதில் தவளை.

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன். படத்தில் முதுகைக் காட்டிய மனிதருக்கு முகம் இருந்தது. சுடலைமுத்து என்று பெயர், பேச்சித்தாயின் அப்பா. செம்பில் தண்ணீர் கொடுத்தார். வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு கட்டையைத் துண்டால் தட்டி, உட்காருங்க என்றார். அஸ்திவாரம் தோண்டும்போது வேரோடு பெயர்த்து உருட்டி வைத்ததாம். என் முக்காலியின் மேல் உட்கார்ந்தேன்.

குழி எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். மகளுக்கு ஒரு ஸ்டுடியோ கட்டிக் கொடுக்க ஆசை. ரோட்டு ஓரமாக இருக்கிற இடம் இது ஒன்றுதான். அதில் மரம் நின்றது. மகள் பிறந்த வருடம் வைத்த மரம். கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்கி ஒரே நாளில் முடித்தார்கள். விறகையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு இவர் சும்மா உட்கார்ந்திருந்தபோது, மகள் பின்னாலிருந்து எடுத்திருக்கிறாள். இவருக்குப் படம் எடுத்ததே தெரியாது.

"இப்ப வேலை நிக்குதே, ஏன்?" என்றேன்.

"அவதான் வேண்டாங்கா. பொய்ப் படம் எடுக்கவ கடைக்கு எவன் வருவான்னுங்கா. பலகையில பேரு எழுதிப் போட்டிருக்காங்களாம்லா."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரோ பெரிய வாத்தியாராம், சார்வாள். செடி கொடியெல்லாம் பாடம் நடத்துனவராம். அவ்வளவு படிச்சவரு தப்பாவா சொல்லுவாரு? நம்மதான் எதையோ தப்பாப் பண்ணிட்டோம்போலன்னு நானே அவளச் சத்தம் போட்டுட்டேன். அப்பா, மரம் நின்னுச்சா இல்லையான்னு கேட்டா. நின்னுச்சு. ஆனா ஒரு நிமிசம் எனக்கே சந்தேகம் வந்துட்டு பாத்துக்கிடுங்க."

நீங்க என்ன உத்தியோகம் பார்த்தீங்க என்று கேட்டார். தபால் ஆபீஸ் என்றேன்.

பஸ் வர நேரமாகும், கோவிலுக்குப் படி வழுக்கும், பார்த்துப் போங்க என்றார். நான் கோவில் பக்கம் சிறிது தூரம் நடந்து, அவர் உள்ளே போனதும் திரும்பி வந்து பஸ் ஏறினேன்.


நவம்பர் 7, வெள்ளி

கோமதியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "பச்சை இலை கெடந்துச்சுன்னா பொய்ப் படம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

"அன்னைக்குப் பச்சை இலை ஒண்ணுகூட இருக்கப்படாதுன்னு என் உயிர எடுத்தீங்கள்லா. முதுகு ஒடியப் பொறுக்குனேன்" என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மன்ற அரங்கில் மேடைக்கு நேர் எதிரே ஒரு படம் தொங்குகிறது. 'கூதிர்', 1991. மாநிலப் போட்டியில் முதல் பரிசு. ஊருக்கு வெளியே செல்லும் வண்டிப்பாதை, பழைய புளியமரம், அதன் அடியில் வட்டமாகச் சிவந்த இலைகள். அந்தப் படத்தால்தான் மன்றமே தொடங்கியது. அதற்கென்று தனியாக ஒரு குழல்விளக்கு உண்டு. புளிய இலை சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். படத்தில் இருக்கும் இலை கையளவு. பெண்கள் விடுதிக்குப் பின்னால் நின்ற வாதாம் மரத்து இலை. முப்பத்துநான்கு வருடமாக இந்த ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. தாவரவியல் பேராசிரியர் எடுத்த படத்தில் இலையைப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்கலாம்.

ஒரு சாக்கு இலை. அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதற்கு விதி எதுவும் இல்லை. ஐந்து வருடம் கழித்துத்தான் நான் விதி எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.


நவம்பர் 12, புதன்

ஜெயசிங்கின் கடைக்குப் போனேன். பதினேழாம் எண் உண்மையான படம், பெயரை அழிக்க வேண்டும், முதல் பரிசும் அதற்குத்தான் என்றேன். அவர் ஒரு கிழவிக்குக் கண் பரிசோதித்துக்கொண்டே கேட்டார். எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, அழிப்பது சுலபம், காரணம் என்ன எழுதுவது என்றார்.

நடுவர் தவறு செய்தார் என்று எழுதுங்கள் என்றேன்.

அது மன்றத்துக்கு நல்லதில்லை என்பது அவர் கருத்து. 'தொழில்நுட்ப மறுபரிசீலனையின் அடிப்படையில்' என்று போடலாம், யார் பரிசீலித்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மலரில் கட்டுரைக்குப் பதிலாக 'கூதிர்' படத்தை முழுப்பக்கம் போட்டுவிடலாம், இடமும் நிரம்பும்.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் அது மோசமான ஏற்பாடாகத் தோன்றவில்லை. தோன்றாததை இங்கே குறித்து வைக்கிறேன்.


நவம்பர் 20, வியாழன்

ஆண்டு விழாவில் வாசிக்க ஒரு அறிக்கை. முதல் வரைவு நான்கு பக்கம். நிழலின் திசை, பாசியின் வளர்ச்சி, மரங்களின் இலையுதிர் சுழற்சி எல்லாம் இருந்தது. கோமதி வாசித்தாள். "இதுல தப்புப் பண்ணது யாரு? வெயிலா?" என்றாள்.

இரண்டாவது வரைவு ஒன்றரைப் பக்கம். அதில் தவறு 'நேர்ந்துவிட்டது'. தவறுகள் பொதுவாக மழை மாதிரி நேர்பவை.

ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து நினைவூட்டல். இம்மாதத்துக்குள் சான்று வராவிட்டால் நான் உயிரோடு இல்லை என்று கொள்ளப்படும். பஜாரில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடை ஒன்றுதான் இருக்கிறது. பத்து நாள் அவகாசம் கேட்டு எழுதினேன். இறந்தவர்கள் அவகாசம் கேட்பதில்லை, எனவே அதுவே சான்றாகலாம்.


நவம்பர் 29, சனி

மூன்றாவது வரைவு ஏழு வரி. கோமதியிடம் காட்டவில்லை. நாளை அவளும் வருகிறாளாம். மன்றத்துக்கு அவள் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.


நவம்பர் 30, ஞாயிறு

நூறு பேருக்கு மேல். பேச்சித்தாயும் சுடலைமுத்துவும் வந்திருந்தார்கள். நேரில் போய் அழைக்கும் துணிவு எனக்கு இல்லை, கடிதம்தான் போட்டிருந்தேன். சுடலைமுத்து என்னைப் பார்த்ததும் மகிழ்ச்சியோடு கையைத் தூக்கி, "தபால் ஆபீஸ் சார்வாள், நீங்களும் இந்த மன்றமா?" என்றார். பேச்சித்தாய் அவர் காதில் ஏதோ சொன்னாள். தூக்கிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

என் முறை வந்தது. ஏழு வரியையும் வாசித்தேன். பதினேழாம் எண்ணில் பொய் ஒன்றும் இல்லை. மரம் நின்றது, வெட்டப்பட்டது. எடுத்தவர் அதைக் கூட்டத்திலேயே சொன்னார். நான் கேட்டுவிட்டு, கேலி செய்தேன். பொய்ப் படம் என்று எனக்கு உடனே தோன்றியதற்குக் காரணம், எதிரே தொங்கும் என் படம்தான் பொய். ஒரு சாக்கு வாதாம் இலையைக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் நான் பரப்பியது. விதி ஒன்பது என்னைத்தான் முதலில் சேரும்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கைதட்டினார்கள்.

ஜெயசிங் மைக்கை வாங்கினார். வளரும் கலைஞர் ஒருவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தம் சொந்தப் படத்தையே விட்டுக்கொடுக்கும் இப்படி ஒரு பெருந்தன்மையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். மறுபடி கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இதையும் எழுதிவிடுகிறேன்: அது தோளில் விழுந்த கணத்தில், இதோடு முடிந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது.

பெண்கள் வரிசையில் கோமதி எழுந்தாள். மைக் கேட்கவில்லை.

"ஒரு சாக்கு இல்ல. மூணு சாக்கு" என்றாள். "விடுதிக்குப் பின்னால அள்ளி, சைக்கிள்ல வச்சு நான்தான் தள்ளிட்டுப் போனேன். இவரு வட்டம் சரியா வருதான்னு தூர நின்னு பாத்தாரு. பச்சை இலையெல்லாம் நான்தான் பொறுக்குனேன். அத அன்னைக்கு ராத்திரியே வெந்நீர் அடுப்புல போட்டேன்."

உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. மூன்று சாக்கு என்பதும் சைக்கிள் என்பதும் பெருந்தன்மைக்காகச் சொல்லக் கூடிய விவரங்கள் இல்லை. நூறு தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பி 'கூதிர்' படத்தைப் பார்த்தன. முப்பத்துநான்கு வருடத்தில் அந்தப் படத்தை மக்கள் பார்த்தது இன்றுதான்.

பேச்சித்தாய் எழுந்து படத்தின் அருகே போனாள். குழல்விளக்கின் கீழ் நின்று, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி மெதுவாக, கட்டம் கட்டமாகப் பார்த்தாள். அவளுக்கு யாரும் அந்த முறையைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அரங்கு காத்திருந்தது.

"பச்சை இலை ஒண்ணுகூட இல்ல, சார்" என்றாள். "நல்லாப் பொறுக்கியிருக்காங்க."

கோமதியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முதல் பரிசை வாங்க நிற்கவில்லை. ஜெயசிங் கோப்பையுடன் வாசல் வரை ஓடினார். பஸ் வந்துவிட்டது என்றாளாம்.

நான் பலகைக்குப் போனேன். அவள் பெயரை அழித்தேன், பொன்னாடையால் அல்ல, கையால். அதே இடத்தில் என் பெயரை எழுதினேன். வேறு யாரும் எழுத முன்வரவில்லை. தலைப்பெழுத்து சரியா என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்டார். சரிதான் என்றேன்.

கோமதியும் நானும் வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில், "ஒரு சாக்குன்னு ஏன் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒன்று என்றால் குறைவு என்று தோன்றியிருக்கும்.


டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். காலையில் பஜாருக்குப் போனேன். பெயர் கைமாறிவிட்டது. காய்கறிக்கடையில், 'இலை சாருக்கு முதல்ல எடை போடு' என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்ததும் பேச்சித்தாய் திரையை விலக்கினாள். வெள்ளைத் துணி, முக்காலி. இதற்கு மூன்று கால் இருந்தது, பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"என்னத்துக்கு, சார்?"

"உயிரோடு இருக்கிறேன் என்று அலுவலகத்துக்குக் காட்ட."

அவள் சிரிக்கவில்லை. நான் வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. சொல்லிப் பார்த்ததில் நன்றாக அமைந்திருந்தது. அதனாலேயே சொல்லவில்லை. மன்னிச்சிரும்மா என்றேன். ம் என்றாள். ஸ்டுடியோ வேலை மறுபடி தொடங்குமா என்று கேட்டேன்.

"குழியில தண்ணி வத்தணும்லா, சார்" என்றாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். தண்ணி குடுத்து ஒக்கார வச்சுப் பேசுனேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்.

"தலையத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். "இன்னும்." மூன்றாம் முறை சொன்ன பிறகு எடுத்தாள்.

கணினியில் படத்தைத் திறந்தாள். பழக்க தோஷம், நானும் எட்டிப் பார்த்தேன். ஒளி சரியாக விழுந்திருந்தது. காதுகள் இரண்டும் தெரிந்தன. பின்னணியில் குறை இல்லை. கண்கள் மட்டும் நேராக இல்லை, கேமராவுக்குக் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ண வேணா கொஞ்சம் மேல தூக்கி வச்சிரலாம், சார். இதுலயே பண்ணிரலாம், யாருக்கும் தெரியாது" என்றாள். மவுஸின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். "பண்ணட்டா?"

வேண்டாம் என்றேன்.